துணை கேட்பது எப்படி? வாசகர் கேள்விகள்

கேள்வி: மூன்று முறை புகைப்பதை நிறுத்தினேன். ஒவ்வொரு முறையும் பத்து நாளில் மறுபடி ஆரம்பித்துவிட்டேன். இந்த முறை வீட்டில் சொல்லாமலே விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

பதில்: சொல்லிவிடுங்கள். மறுபடி தோற்றால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் புரிகிறது. ஆனால் அந்தப் பத்து நாளைப் பாருங்கள். நிக்கோடின் கிடைக்காத தவிப்பு முதல் இரண்டு, மூன்று நாளில்தான் உச்சத்தில் இருக்கும். எரிச்சலும் தூக்கக் கெடுதலும் இரண்டு முதல் நான்கு வாரம்வரை நீடிக்கலாம். அதாவது கஷ்டமான ஏற்றத்தை மூன்று முறை ஏறி முடித்திருக்கிறீர்கள்! நீங்கள் ஏன் சிடுசிடுக்கிறீர்கள் என்று வீட்டில் தெரிந்தால் பாதி சண்டை வராது.

"எனக்குத் துணையாக இரு" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு என்ன செய்வதென்றே தெரியாது. "சாப்பிட்டதும் என்னோடு கொஞ்சம் நடக்க வா", "இன்றைக்குப் பிடித்தாயா என்று கேட்காதே" என்று குறிப்பாகக் கேளுங்கள். புகைக்கும் ஆசை எழுந்தால் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை பேச ஒரு ஆள் இருந்தால் போதும். அப்புறம், மருத்துவரிடம் நிக்கோடின் சூயிங்கம் போன்றவை பற்றிக் கேளுங்கள். மருந்தும் ஆலோசனையும் சேரும்போது பலன் கூடுகிறது.

கேள்வி: அப்பா சர்க்கரை நோயின் விளிம்பில் இருக்கிறார். தினமும் சொல்கிறேன், நடக்கவே மாட்டேன் என்கிறார்.

பதில்: ஒரு வாரம் சொல்வதை நிறுத்திப் பாருங்கள். ஏன் நடக்க வேண்டும் என்று நீங்கள் அடுக்க அடுக்க, ஏன் முடியாது என்று அவர் அடுக்குவார். "இதில் உங்களுக்கு எதுப்பா கவலை?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். முட்டி வலியோ, விழுந்துவிடுவோம் என்ற பயமோ, அவரே சொல்லட்டும்.

இந்த நிலையில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2002-ல் வந்தது. வாரம் 150 நிமிட உடற்பயிற்சி, 7 சதவீத எடைக் குறைப்பு என்ற இலக்கோடு பழக்கங்களை மாற்றிய குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்த குழுவில் 31 சதவீதம். இந்த எண்களைப் பலரும் சொல்கிறார்கள். பழக்கத்தை மாற்றிய ஒவ்வொருவருக்கும் தனிப் பயிற்றுநர் ஒருவர் இருந்து 16 பாடங்கள் நடத்தினார் என்பதை யாரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால் வெற்றியில் பெரும்பங்கு அதற்குத்தான். அப்பாவோடு நீங்களும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: பல வருடமாகத் தினமும் நிறையக் குடிக்கிறேன். நாளை முதல் அடியோடு நிறுத்தப்போகிறேன். நண்பனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பதில்: நல்ல முடிவு, ஆனால் தயவுசெய்து முதலில் மருத்துவரைப் பாருங்கள். இப்படிப் பழகிய உடம்பில் குடியைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் கடும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நண்பனையும் கூட அழைத்துப் போங்கள்.

கேள்வி: 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்றார்கள். ஒரு மாதமாகியும் உடற்பயிற்சிக்கு எழுந்திருக்கவே போராடுகிறேன். கூட வந்த தோழியும் நின்றுவிட்டாள்.

பதில்: 21 நாள் கணக்கை மறந்துவிடுங்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது சராசரி 66 நாள் வந்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை. தோழியிடம் ஏன் வரவில்லை என்று கேட்காமல், எந்த நேரம் வசதி என்று கேளுங்கள். காலை அவளுக்கு ஒத்துவராமல் இருக்கலாம், மாலையில் வருவாள்.