கடல் தண்ணீர் குடித்த மெட்டல் டிடெக்டர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்தில் போர்ன்மவுத் பக்கம் இருக்கிறேன். லீவு நாளில் மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவது என் பொழுதுபோக்கு. போன மாதம் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கும்போது ஒரு அலை அடித்து டிடெக்டர் முழுசாக முங்கிவிட்டது. வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஹேர் டிரையர் காட்டி, அரிசி டப்பாவுக்குள் வைத்து எடுத்தேன், நன்றாகத்தான் வேலை செய்தது. இப்போது திரையில் பாதி எண்கள் தெரியவில்லை, சும்மா தரையில் வைத்தாலே கத்துகிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: தூக்கிப் போடாதீர்கள். ஆனால் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

கழற்றியாச்சா? சரி. நீங்கள் தண்ணீரைத்தான் விரட்டினீர்கள், உப்பை விட்டுவிட்டீர்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. ஹேர் டிரையர் சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போனாலும் உப்பு சர்க்யூட் போர்டு மேலேயே படிந்துவிடும். அந்த உப்பு சும்மா இருக்காது, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி கசியும், அதுவும் உங்கள் ஊர்க் குளிருக்கும் ஈரக் காற்றுக்கும் கேட்கவே வேண்டாம். ஈர உப்பு வழியாக மின்சாரம் ஓடும், பேட்டரி போட்டு ஆன் செய்யும் ஒவ்வொரு தடவையும் செப்புக் கோடுகள் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப்போகும். அதனால்தான் முதலில் ஓடிய மெஷின் பிறகு படுத்துக்கொண்டது. பேட்டரி முனையிலும் போர்டின் ஓரத்திலும் பச்சையாக மாவு மாதிரி ஏதாவது பூத்திருக்கிறதா பாருங்கள், இருந்தால் காரணம் அதுதான்.

எனவே இப்போது செய்ய வேண்டியது, கேட்க விநோதமாக இருக்கும், அதை மறுபடி தண்ணீரில் கழுவுவது! நல்ல தண்ணீரில். குழாய்த் தண்ணீரை விட டிஸ்டில்டு வாட்டர் நல்லது, உங்கள் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் அயர்ன் பாக்ஸுக்கு ஊற்றவென்று விற்கும் டீஅயனைஸ்டு தண்ணீரும் போதும். வாரண்டி இன்னும் பாக்கி இருந்தால் திறக்குமுன் விற்ற கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், திறந்தால் வாரண்டி போய்விடலாம். வாரண்டி முடிந்திருந்தால் தயங்க வேண்டாம். ஒவ்வொரு திருகைக் கழற்றும்போதும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த ஒயர் எங்கே போகிறது என்பது மூடும்போதுதான் மறந்துபோகும்.

போர்டைத் தனியாக எடுத்து, மெல்லிய பல் துலக்கும் பிரஷ்ஷால் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேயுங்கள், சிப் கால்களுக்கு நடுவிலும் கனெக்டருக்குள்ளும்தான் உப்பு ஒளிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். பலர் நேராக ஆல்கஹாலுக்குப் போய்விடுகிறார்கள். உப்பு ஆல்கஹாலில் அவ்வளவாகக் கரையாது, ஆகையால் அது உப்பைக் கழுவாது. மிச்சமிருக்கும் தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஆவியாவதற்குத்தான் அது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு பக்கத்தில் வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும். ஸ்பீக்கர் மேலும் திரையை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மேலும் படவிடாதீர்கள், பிளாஸ்டிக்கில் விரிசல் விழலாம்.

திரையில் பாதி எண்கள் தெரியாததற்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். பல மாடல்களில் எல்சிடிக்கும் போர்டுக்கும் நடுவில் கோடு கோடாக ஒரு ரப்பர் பட்டை உட்கார்ந்திருக்கும், அதன் அடியில் உப்போ அழுக்கோ சேர்ந்தால் எண்களில் துண்டு துண்டாகக் காணாமல் போகும். பட்டையை நகம் படாமல் எடுத்து, அது உட்காரும் தங்க நிறத் தடங்களைப் பஞ்சால் துடைத்து, அதே இடத்தில் நேராக வையுங்கள். கோணலாக வைத்தால் இருந்த எண்களும் போய்விடும்.

காய வைக்க மேஜை மின்விசிறி போதும், இரண்டு மூன்று நாள் ஓடட்டும். சிலிக்கா ஜெல் பாக்கெட் இருந்தால் பெட்டிக்குள் போடலாம். அரிசியை வடிக்க வைத்துக்கொள்ளுங்கள், ஈரத்தை அது பெரிதாக இழுப்பதில்லை, தவிடும் மாவும்தான் ஓட்டைக்குள் போகும். ஹேர் டிரையரும் வேண்டாம், சூடு பசையை இளக்கி, ஆவியை இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

இவ்வளவு செய்தும் கத்தினால் காயிலை (கம்பிச் சுருள் இருக்கும் கீழ்த் தட்டு) சந்தேகப்படுங்கள். காயில் கேபிளின் பிளக்கைக் கழற்றி ஊசிகளைச் சுத்தம் செய்யுங்கள், காயிலுக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள், நடுவில் ஈர மணல் அப்பியிருக்கும். காயிலில் மயிரிழை விரிசல் இருந்து, ஆட்டினாலே சத்தம் வந்தால் அதை ரிப்பேர் செய்ய மெனக்கெட வேண்டாம், வேறு காயில்தான். இன்னொன்று, சோதனையைக் கடற்கரையில் செய்யாதீர்கள். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ஒரே அதிர்வெண்ணில் ஓடும் சாதாரண மெஷின்கள் ஈர மணலில் நல்ல நிலையில் இருக்கும்போதே கத்தும். காய்ந்த புல்தரையில், போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள்.

வாட்டர்ப்ரூஃப் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் அந்த வார்த்தையைச் சொன்னால் "எது வரைக்கும்?" என்று கேட்க வேண்டும். கேரட் (Garrett) கம்பெனியின் ஏஸ் வரிசை போன்ற ஆரம்பநிலை மெஷின்களில் கீழே இருக்கும் காயில் மட்டும்தான் தண்ணீருக்குத் தாங்கும், கையருகே இருக்கும் கன்ட்ரோல் பாக்ஸ் தாங்காது. மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 முழுசாக 3 மீட்டர் வரை போகலாம். இரண்டையும் ஒரே வார்த்தையில் விற்பது நியாயமில்லை என்பது என் கட்சி.

கேள்வி: சென்னையில் எங்கள் கல்யாண மண்டப வாசலில் டோர் ஃப்ரேம் மெட்டல் டிடெக்டர் ஒன்று நிற்கிறது. மழை வெள்ளத்தில் அடிப்பாகம் நனைந்துவிட்டது. துடைத்துவிட்டு ஆன் செய்யலாமா?

பதில்: கூடாது. அது பேட்டரி பொம்மை இல்லை, சுவர் பிளக்கில் ஓடுவது. பிளக்கைப் பிடுங்கி வைத்து, எலக்ட்ரீஷியன் எர்த்தையும் கரண்ட் லீக்கேஜையும் பார்த்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். மூளை பெரும்பாலும் மேல் சட்டத்தில் இருப்பதால் தப்பித்திருக்கும். ஆனால் காயில்கள் இரண்டு பக்கப் பலகைக்குள் ஓடுகின்றன, பலகை மரத்தூள் வகையாக இருந்தால் உப்பி, காயில் இடம் நகர்ந்து, சும்மா இருக்கும்போதே விளக்கு எரியும். உப்பியிருந்தால் பலகையை மாற்றச் சொல்லுங்கள். காவலர் கையில் வைத்திருக்கும் சின்ன டிடெக்டரும் நனைந்ததா? அதில் 9 வோல்ட் பேட்டரியை எடுத்துவிட்டுக் காய வைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், மழைத் தண்ணீர் கடல் தண்ணீர் அளவுக்குக் கொடியதில்லை. சாக்கடை கலந்த வெள்ளமென்றால் அதையும் திறந்து கழுவத்தான் வேண்டும்.

கேள்வி: முழுசாக முங்கலாம் என்று எழுதியிருக்கும் மெஷினே வாங்கினேன், அதற்குள்ளும் தண்ணீர் புகுந்துவிட்டது. எப்படி?

பதில்: வெயிலில் கார் டிக்கியில் கிடந்ததை எடுத்து நேராகக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினீர்களா? உள்ளே சூடாக இருந்த காற்று சட்டென்று சுருங்கும், அது வெளியிலிருந்து எதையாவது இழுக்கப் பார்க்கும், இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒரு மணல் துணுக்கு உட்கார்ந்திருந்தால் அந்த வழியாகத் தண்ணீர்தான் வரும். நிழலில் கொஞ்ச நேரம் ஆறவிட்டு இறக்குங்கள். ஹெட்போன் ஓட்டையின் மூடியை ஒருமுறை திருகிப் பாருங்கள், பாதித் தவறு அங்கேதான் நடக்கிறது. ஓ-ரிங்கைத் துடைத்து சிலிகான் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள், வாசலின் வேண்டாம், சில ரப்பர்கள் அதில் ஊதிப்போகும்.