மூன்று முறை படித்தும் தேர்வறையில் ஏன் மறந்துபோகிறது?

திரும்பத் திரும்பப் படித்தால் பாடம் கண்ணுக்குப் பழகிவிடும், தெரிந்துவிட்டதாகத் தோன்றும். தேர்வறையில் வேண்டியதோ புத்தகமில்லாமல் நினைவிலிருந்து எடுத்து எழுதுவது. அதைத்தான் பழக வேண்டும்.

ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 42.

ஒரு தலைப்பை 25 நிமிடம் படியுங்கள். மூடிவைத்துவிட்டு வெற்றுத்தாளில் 10 நிமிடம் எழுதுங்கள், படமும் சூத்திரமும் உட்பட. பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேருங்கள். மறுநாளும், நான்காம் நாளும், பத்தாம் நாளும் அந்தச் சிவப்புப் பகுதியிலிருந்தே தொடங்குங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான்: உடனே நினைவுக்கு வராவிட்டால் புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள். இரண்டு நிமிடமாவது முட்டிப் பாருங்கள். அந்தத் திணறல்தான் பலன் தருகிறது.

கணக்குப் பாடங்களில் தீர்த்த உதாரணங்களை வாசிப்பது மட்டும் போதாது. வெவ்வேறு யூனிட் கணக்குகளைக் கலந்து போடுங்கள். வினாத்தாளில் எந்த முறை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.