அனாட்டமி, பிசியாலஜி: ஆன்லைனா வகுப்பறையா? லேபை வைத்து முடிவு செய்யுங்கள்

கேள்வி: நர்சிங் படிப்பில் சேர ஆசை. அதற்கு முன்பே அனாட்டமி, பிசியாலஜி பாடத்தை லேபோடு சேர்த்து இரண்டு செமஸ்டர் முடித்திருக்க வேண்டும் என்று நான் விசாரித்த கல்லூரிகள் சொல்கின்றன. எனக்கு ஷிப்ட் வேலை. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. ஆன்லைனில் எடுத்தால் அலைச்சல் மிச்சம். ஆனால் இதைப் படித்து முடித்த தோழி, "ஆன்லைனில் எடுத்தால் தலையில் ஒன்றும் நிற்காது" என்று பயமுறுத்துகிறாள். உயிரியல் புத்தகத்தைத் தொட்டே பத்து வருடம் ஆகிறது. எதை எடுக்கட்டும்?

பதில்: உங்கள் தோழி சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நீங்கள் சேர நினைக்கும் ஒவ்வொரு நர்சிங் கல்லூரிக்கும் மின்னஞ்சல் அனுப்பி, ஆன்லைனில் முடித்த பாடத்தை ஏற்பார்களா என்று கேளுங்கள். தியரியை ஆன்லைனில் ஏற்றுக்கொண்டு, லேபை மட்டும் நேரில்தான் முடித்திருக்க வேண்டும் என்று சொல்லும் இடங்கள் உண்டு. எதையும் வித்தியாசம் பார்க்காத இடங்களும் உண்டு. பாடத்தை முடித்து ஐந்து, ஏழு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தால் செல்லாது என்ற விதியும் சில இடங்களில் இருக்கிறது. அப்புறம், இரண்டு செமஸ்டரையும் ஒரே கல்லூரியில் எடுத்தாக வேண்டுமா என்றும் கேளுங்கள். பாடங்களைப் பிரிக்கும் விதம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இடையில் மாறினால் ஒரு உறுப்பு மண்டலத்தை இரண்டு தடவை படிப்பீர்கள், இன்னொன்றைப் படிக்காமலே போவீர்கள். இந்தப் பதில்களை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் "ஏற்றுக்கொள்வோம்" என்று சொன்னவர் சேர்க்கையின்போது அந்த இருக்கையில் இருப்பார் என்று சொல்ல முடியாது.

எல்லாரும் ஆன்லைனை ஏற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் உண்மையான கேள்வி வருகிறது.

ஒரே பெயரில் ஒரே மதிப்பெண்ணோடு வந்தாலும், இது இரண்டு பாடம். எது எங்கே இருக்கிறது, எதோடு ஒட்டியிருக்கிறது, எந்த வடிவத்தில் இருக்கிறது என்பது அனாட்டமி. அது எப்படி வேலை செய்கிறது, கெட்டுப்போனால் அடுத்து என்ன நடக்கும் என்பது பிசியாலஜி. இரண்டையும் மூளை ஒரே விதமாகக் கற்றுக்கொள்வதில்லை. ஆன்லைனில் எடுத்து நன்றாக வந்தவர்களும், திணறிப் பாதியில் விட்டவர்களும் ஒரே வகுப்பிலேயே இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

பிசியாலஜிக்கு ஆன்லைன் நன்றாகவே பொருந்தும். சில இடங்களில் வகுப்பறையைவிட மேல் என்றுகூடச் சொல்வேன். சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவம் அதில் வடிகட்டப்படுகிறது. உடலில் இருக்கும் பிளாஸ்மாவோ, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியோ, மொத்தமே 3 லிட்டர் அளவுதான். அப்படியானால் அதே பிளாஸ்மா திரும்பத் திரும்ப, நாளைக்கு அறுபது முறை போல வடிகட்டப்பட வேண்டும். வெளியே வரும் சிறுநீர் ஒன்றரை லிட்டர். மீதி எல்லாம் எங்கே, எப்படி உள்ளே திரும்பியது? சிறுநீரகத்துக்குள் வடிகட்டும் நுண்ணிய அலகான நெஃப்ரானின் எந்தப் பகுதியில் உப்பு போகிறது, எந்தப் பகுதியில் தண்ணீர் மட்டும் போகிறது? இதை ஒரே தடவை கேட்டுப் புரிந்துகொண்டவரை நான் பார்த்ததில்லை. வகுப்பில் ஆசிரியர் ஒருமுறை சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். பதிவு செய்த வீடியோவை அந்த இடத்தில் நிறுத்தி, நோட்டில் வரைந்து பார்த்து, மறுபடி ஓட்டலாம். நரம்புச் செல்லின் உள்ளே −70 மில்லிவோல்ட் இருந்த மின்னழுத்தம் சோடியம் நுழைந்ததும் எப்படித் தலைகீழாகிறது என்பதும் இப்படித்தான். கரும்பலகைப் படத்தைவிட நல்ல அனிமேஷன் இதைத் தெளிவாகக் காட்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தப்பாகப் புரிந்துகொண்டால் ஆன்லைனில் அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். இதயத் தசைக்கு வேண்டிய ஆக்சிஜன் அறைகளுக்குள் ஓடும் ரத்தத்திலிருந்தே கிடைத்துவிடுகிறது என்று நினைக்கும் மாணவர்கள் வருடா வருடம் வருவார்கள். உண்மையில் அது கரோனரி தமனிகள் வழியாகப் போகிறது; அதனால்தான் அதில் ஒரு கிளை அடைத்தாலே மாரடைப்பு. 'லப்-டப்' என்ற சத்தத்தை இதயத் தசை அடித்துக்கொள்ளும் சத்தம் என்று நினைப்பவர்களும் நிறைய. வால்வுகள் மூடும்போது எழுவது அது. நேரடி வகுப்பில் யாராவது ஒருவர் தப்பாகக் கேட்டு வைப்பார், மொத்த வகுப்பும் திருந்திக்கொள்ளும். ஆன்லைனில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாத்தாளில் மதிப்பெண் வாங்கிக்கொண்டு, அந்தத் தப்பு எண்ணத்தோடேயே அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். ஆகவே வாரம் ஒருமுறையாவது ஆசிரியரிடம் நேரலையில் கேள்வி கேட்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அது இல்லாத கோர்ஸ் வேண்டாம்.

அனாட்டமி வேறு. இங்கேதான் உங்கள் தோழி சொன்ன பாதி வருகிறது. புத்தகத்திலும் திரையிலும் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். பதப்படுத்திய உண்மையான உறுப்பில் எல்லாமே ஏறக்குறைய ஒரே சாம்பல் கலந்த பழுப்பு. முதல் தடவை ஆட்டின் இதயத்தைக் கையில் வாங்குபவர்கள் எது முன்பக்கம் என்றே தெரியாமல் நிற்பார்கள். கண்ணால் பார்த்தால் போதாது, இரண்டு கையாலும் அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக எதிர்த்து நிற்பது இடது கீழறை, தளர்ந்து அமுங்குவது வலது. மேலே இருக்கும் குழாய்களில் முன்னால் இருப்பதற்குள் விரலை விட்டால் வலது கீழறைக்குள் போய் நிற்கும். அப்படியானால் அது நுரையீரல் தமனி, அதற்குப் பின்னால் இருப்பது அயோர்ட்டா, உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனி. வெட்டித் திறந்தால் வால்வின் இதழ்களைச் சுவரோடு கட்டிவைத்திருக்கும் மெல்லிய நாண்கள் தெரியும். ஒன்றைச் சுண்டிப் பார்த்தால், அவ்வளவு மெல்லியது அவ்வளவு இழுவையைத் தாங்குகிறதா என்று தோன்றும். அந்த வால்வு ஏன் மேலறைப் பக்கம் புரண்டுவிடுவதில்லை என்பது அதற்குப் பிறகு மறக்காது. திரையில் இதே இதயத்தைச் சுழற்றலாம், ஒளி ஊடுருவுவதுபோல ஆக்கலாம், தொட்டால் பெயர் வரும். ஆனால் ஊர் வரைபடத்தை மனப்பாடம் செய்தவர் தெருவில் இறங்கியதும் திகைப்பாரே, அந்தத் திகைப்பு ஸ்பாட்டர் தேர்வில் வரும்: மணி அடிக்கும், குண்டூசி குத்திய ஒரு இடம், ஒரு நிமிடம், அடுத்த மேசை.

அதற்காகத் திரையை ஒதுக்க வேண்டாம். திசுக்களைப் படிக்க டிஜிட்டல் ஸ்லைடுகள் போதும். பல மருத்துவக் கல்லூரிகளே அதற்கு மாறிவிட்டன. மைக்ரோஸ்கோப்பின் குமிழைத் திருகிக் கண் வலிப்பதால் நர்ஸுக்குத் தனியாக எந்தத் திறமையும் வந்துவிடாது. குறுக்குவெட்டுப் படங்களிலும் திரைதான் மேல். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் 'விசிபிள் ஹியூமன்' திட்டம் 1994இல் ஒரு ஆண் உடலை 1 மில்லிமீட்டர் இடைவெளியிலும், 1995இல் ஒரு பெண் உடலை 0.33 மில்லிமீட்டர் இடைவெளியிலும் அடுக்கடுக்காகப் படம் பிடித்து வெளியிட்டது. மேலிருந்து கீழே ஒவ்வொரு அடுக்காக உடலுக்குள் இறங்கிப் பார்க்கும் வசதியை எந்த பிளாஸ்டிக் பொம்மையும் தராது. பின்னாளில் சிடி ஸ்கேன் படத்தைப் பார்க்கும்போது இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

ஆக, என் பரிந்துரை ஹைப்ரிட். தியரி ஆன்லைனில், லேப் நேரில். லேப் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மூன்று மணி நேரம். அந்த ஒரு நாளுக்கு மட்டும் ஷிப்டை மாற்றிக்கொள்ளவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்யவும் முடிந்தால் மீதி எல்லாம் உங்கள் கையில்.

ஹைப்ரிட் கிடைக்கவில்லை, முழு ஆன்லைன்தான் வழி என்றால், "லேப் உண்டு" என்ற ஒரு வரியை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். என்ன லேப் என்று கேளுங்கள். சில கோர்ஸ்களில் மவுஸால் இழுத்து விடும் சிமுலேஷன் மட்டும் இருக்கும். சிலவற்றில் வீட்டுக்குக் கிட் வரும். இன்னும் சிலவற்றில் செமஸ்டரில் ஓரிரு வார இறுதிகளில் நேரில் வரச் சொல்வார்கள். முடிந்தால் இதை எடுங்கள். செய்முறைத் தேர்வில் வருவது உண்மையான உறுப்பின் புகைப்படமா, வரைந்த படமா என்பதும் முக்கியம். வரைந்த படம் என்றால் அந்த லேப் பெயருக்குத்தான்.

கிட் வரும் கோர்ஸ் என்றால் உங்கள் வீட்டில் ஓடியாடும் மூன்று வயதை யோசியுங்கள். பதப்படுத்திய இதயமும் சிறுநீரகமும் வரும், ஸ்கால்பெல் என்ற அறுவைக் கத்தி வரும், ரசாயன வாடையும் வரும். கையுறை, கண்ணாடி, காற்றோட்டமான இடம், பூட்டி வைக்க ஒரு அலமாரி எல்லாம் வேண்டும். சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்கிற வேலை இல்லை இது. முடிந்ததும் எப்படி அப்புறப்படுத்துவது என்று கிட்டிலேயே எழுதியிருப்பார்கள், அதன்படி செய்யுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒரு கசப்பான விஷயம். ஆன்லைன் என்றால் படிக்கும் நேரம் குறையும் என்று நினைத்துவிடாதீர்கள், பயண நேரம்தான் குறையும். 16 வார செமஸ்டரில் வாரத்துக்கு 12 மணி நேரமாவது இந்தப் பாடம் கேட்கும். இதையே 8 வாரத்தில் முடித்துத் தரும் வேக கோர்ஸ்களும் இருக்கின்றன; அப்போது 24 மணி நேரம் ஆகிவிடும். வேலையும் குழந்தையும் இருக்கிறவருக்கு அது ஒத்துவராது. ஷிப்ட் முடிந்து வந்து, ஒன்றரை மடங்கு வேகத்தில் வீடியோவை ஓடவிட்டுக்கொண்டே தூங்கிப்போவதும் படிப்பில் சேராது. இதற்கு முன் தானாகப் படிக்கும் கோர்ஸ் எதையாவது தொடங்கியிருக்கிறீர்களா, முடித்தீர்களா? அந்தப் பதில் என் ஆலோசனையைவிட உங்களுக்கு உதவும்.

எந்த வழியில் போனாலும் உங்கள் உடலையே லேபாக வைத்துக்கொள்ளலாம். தொண்டைக்குக் கீழே மார்பெலும்பின் உச்சியில் ஒரு பள்ளம் இருக்கும். அங்கிருந்து விரலைக் கீழே இழுத்தால் நான்கைந்து சென்டிமீட்டரில் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டிலிருந்து பக்கவாட்டில் போனால் கிடைப்பது இரண்டாவது விலா எலும்பு. முதலாவது காறை எலும்புக்கு அடியில் ஒளிந்திருப்பதால் எண்ணிக்கையை இங்கிருந்துதான் தொடங்குவார்கள். அதற்குக் கீழே இருப்பது இரண்டாவது இடைவெளி. அப்படியே எண்ணிக்கொண்டு இடது பக்கம் ஐந்தாவது இடைவெளிக்கு வந்து, காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே வரும் கோட்டில் விரலை வையுங்கள். இதயத்தின் நுனி துடிப்பது அங்கேதான். எல்லாருக்கும் விரலில் உடனே தட்டுப்படாது. இடது பக்கம் சற்றுச் சாய்ந்து பாருங்கள். வார்டில் ஸ்டெதஸ்கோப்பை எங்கே வைப்பது, ஈசிஜி லீடை எங்கே ஒட்டுவது என்பதெல்லாம் இந்த எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது.

படிக்கும் முறையில் ஒன்றே ஒன்று: திரும்பத் திரும்ப வாசிப்பதைக் குறைத்து, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுவாசிப்பு செய்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தன்னைத்தானே சோதித்துக்கொண்டவர்கள் முந்தினார்கள். எலும்பு, தசைப் பெயர்களுக்கு அன்கி போன்ற கேள்வி அட்டைச் செயலியில் உண்மையான உறுப்புகளின் புகைப்படத்தைப் போட்டு, பெயரை மறைத்துப் பழகுங்கள். பிசியாலஜிக்கு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: சட்டென்று எழுந்து நின்றால் ரத்தம் காலில் தேங்குகிறது, இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது, கழுத்துத் தமனியில் இருக்கும் உணரிகள் அதைக் கண்டுகொள்கின்றன, அப்புறம்? எங்கே நிற்கிறீர்களோ அங்கேதான் திரும்பப் படிக்க வேண்டும்.

பத்து வருட இடைவெளியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாதீர்கள். அயனி, பிஎச், பரவல், சவ்வூடு பரவல் இந்த நான்கையும் வகுப்பு தொடங்கும் முன் ஒருமுறை புரட்டிவிடுங்கள், போதும். முதல் செமஸ்டரில் இதோடு வேறு கனமான பாடம் எதையும் சேர்க்க வேண்டாம். இன்னொன்று, பெரும்பாலான கல்லூரிகளில் எலும்பு, தசை, நரம்பு எல்லாம் முதல் செமஸ்டரில் வரும். ஹார்மோன், சுவாசம், சிறுநீரகம், உடல் திரவம் இரண்டாவதில். எனவே இரண்டு செமஸ்டருக்கும் நேரில் போக முடியாது, ஒன்றுக்குத்தான் முடியும் என்றால், முதல் செமஸ்டர் லேபுக்குப் போங்கள். இரண்டாவதில் இதயம் வந்தாலும், உடலைப் பார்க்கப் பழகிய கண் அதற்குள் உங்களுக்கு வந்திருக்கும்.

ஹைப்ரிட் பிரிவுகளில் மாலை நேர, வார இறுதி லேப் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். பதிவு தொடங்கும் தேதியையும், பிடிக்காவிட்டால் பணத்தோடு விலகிக்கொள்ளக் கடைசி நாளையும் இப்போதே கேட்டுக் குறித்துவையுங்கள்.