சைடு மிரர் பொய் சொல்லுமா?

கேள்வி: பண்ணாரி தாண்டித் திம்பம் ஏறும்போது, பைக் கண்ணாடியில் லாரி எட்டத்தில் தெரிந்தது. திரும்பினால் முதுகுக்குப் பின்னாலேயே வருகிறது! கண்ணாடி பொய் சொல்லுமா? — கல்லூரி மாணவர், கோபி

பதில்: 27 கொண்டை ஊசி வளைவுள்ள ரோட்டில் உங்களுக்கு இந்தச் சந்தேகம் வந்தது நல்லதுதான், தம்பி. கண்ணாடி பொய் சொல்லாதுங்க. ஒளி விழுகிற கோணத்திலேயே திரும்பும். எந்தக் கண்ணாடிக்கும் சட்டம் ஒன்றுதான்.

வீட்டுக் கண்ணாடி தட்டை. மூன்றடி முன்னால் நின்றால் பிம்பம் மூன்றடி உள்ளே, அதே அளவில். (ஆறடி ஆளுக்கு மூன்றடிக் கண்ணாடி போதும், சரியான உயரத்தில் மாட்டினால். கடைக்காரர் ஆளுயரம் வேண்டும் என்பார், நம்பாதீர்கள்.)

பைக்கில் இருப்பது வெளியே புடைத்த குவி ஆடி. பட்ட கதிர்கள் விரிந்து திரும்புவதால் ரோடு அகலமாகத் தெரியும், லாரி சுண்டிப்போகும். வேடிக்கை என்னவென்றால், பிம்பம் ஆடிக்குப் பின்னால் கிட்டத்திலேயே இருக்கிறது. சின்னதாக இருப்பதால் மூளைதான் ‘தூரம்’ என்று கணக்குப் போடுகிறது.

குழி ஆடி பார்க்க எவர்சில்வர் குழிக்கரண்டி போதும். உட்பக்கத்தில் முகம் தலைகீழாகத் தெரியும். விரலை ஒட்டக் கொண்டுபோங்கள், நிமிர்ந்து பெரிதாகிவிடும்.