குளம்பில் எழுதியிருக்கும் ஓராண்டு

கேள்வி: ஷோ ஜம்பிங் பழகிவரும் என் மகளுக்காக, பெங்களூரில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற 6 வயதுத் தரோபிரெட் குதிரை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். சுழி பார்த்தவர் குறை எதுவும் சொல்லவில்லை. தடைகளை அழகாகத் தாண்டுகிறது. ஆனால் முன்னங்கால் குளம்புகளில் வரிவரியாக வளையங்கள் தெரிகின்றன. “போன வாரம்தான் லாடம் மாற்றினோம், கால் சுத்தம்” என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
— வாசகர், கோவை

பதில்: சுழிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூடக் குளம்புக்குக் கொடுக்காமல் குதிரை வாங்குபவர்களே அதிகம் என்பதால், நீங்கள் அந்த வளையங்களைக் கவனித்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. குளம்புச் சுவர், தோலோடு சேரும் மேல் விளிம்பிலிருந்து மாதத்துக்கு ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை கீழ்நோக்கி வளர்கிறது. முன்நுனியில் அது தரையை எட்ட 9 முதல் 12 மாதங்கள் ஆகும். ஆகவே கடந்த ஓராண்டில் அந்தக் குதிரைக்கு வந்த காய்ச்சலும், தீவன மாற்றமும், இட மாற்றமும் அச்சுவரில் வரிகளாகப் பதிந்திருக்கும். வளையங்கள் முன்னும் பின்னும் ஒரே இடைவெளியில் மேல் விளிம்புக்கு இணையாக ஓடினால் அஞ்ச வேண்டியதில்லை. பந்தய லாயத்தின் தானியத் தீவனத்தை விட்டு வேறு தீவனத்துக்கு மாறிய குதிரையிடம் அவை இயல்பாகவே தோன்றும். மாறாக, முன்நுனியில் நெருங்கியும் குதிகால் பக்கம் விரிந்தும் சென்றால், குளம்பின் முன்சுவர் உட்குழிந்து வளைந்திருந்தால், அடிப்பகுதியில் சுவரும் உள்ளங்காலும் சேருமிடத்து வெண்கோடு அகன்றிருந்தால், அது லாமினைட்டிஸ், அதாவது குளம்புச் சுவரை உள்ளெலும்போடு பிணைக்கும் திசுவின் அழற்சி நோய், வந்து போனதன் அடையாளம். எவ்வளவு அழகாகத் தாண்டினாலும் அந்தக் குதிரையை விட்டுவிடுங்கள்.

அடுத்ததாக, தரோபிரெட் குதிரைகளிடம் நான் முதலில் தேடும் குறை தாழ்ந்த குதிகால். பந்தயத்தில் ஓடிய குதிரைகள் பலவற்றுக்குக் குளம்பின் முன்நுனி நீண்டும் குதிகால் தாழ்ந்து முன்னோக்கிச் சரிந்தும் இருக்கும். குதிரையைச் சமதரையில் நிறுத்திப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கணுமூட்டிலிருந்து இறங்கும் முன்பக்கக் கோடும் குளம்பின் முன்சுவரும் ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். குளம்பின் மேல் விளிம்பில் அந்தக் கோடு பின்னோக்கி உடைந்தாலோ, குதிகாலின் சாய்வு முன்சுவரின் சாய்வைவிட 5 பாகைக்கு மேல் குறைந்திருந்தாலோ, காலின் பின்புறம் இறங்கும் ஆழத் தசைநாண் எப்போதும் இழுபட்டு, அது உரசிச் செல்லும், குளம்புக்குள் பின்பக்கம் இருக்கும் நாவிகுலர் என்ற சிறு எலும்பின்மீது அழுத்தம் கூடிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். தடை தாண்டி இறங்கும்போது ஒரு கணம் 450 முதல் 500 கிலோ எடையுள்ள உடல் முழுவதும் ஒரே முன்னங்காலில் விழுவதால், ஜம்பிங் குதிரைக்கு இந்தக் குறை மிகவும் பெரியது. ஆயினும் இதனால் மட்டும் குதிரையை ஒதுக்க மாட்டேன். 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை முன்நுனியைச் சரியாகக் குறைத்து, குதிகாலுக்குப் போதிய தாங்கல் தரும் லாடம் அடித்துவந்தால், பல குதிரைகளிடம் ஓராண்டுக்குள் நல்ல மாற்றம் தெரியும். அதற்குத் தகுந்த லாடக்காரர் உங்கள் ஊருக்கு வந்துபோவாரா என்பதைக் குதிரைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முன்னாலிருந்து பார்த்து இரு குளம்புகளையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் சிறுத்து, செங்குத்தாக, குறுகியிருந்தால், நெடுநாளாக அந்தக் காலில் எடை போடாமல் குதிரை காத்துவந்திருக்கக்கூடும். காலைத் தூக்கி, அடியில் ஆப்பு வடிவில் இருக்கும், லாடக்காரர்கள் ஃப்ராக் என்று சொல்லும் மெத்தைப் பகுதியை அழுத்திப் பாருங்கள். அது அகன்று, ரப்பர் போல நெகிழ வேண்டும். கறுப்புக் கசிவும் அழுகல் நாற்றமும் மழைக்கால ஈரத்தில் வருபவை, பெரும்பாலும் குணமாகக்கூடியவை. மேல் விளிம்பிலிருந்தே தொடங்கும் வெடிப்பு அப்படியல்ல. அதற்கு மருத்துவர் கருத்துக் கேளுங்கள்.

நடையைச் சோதிக்க, அதிகாலையில், குதிரையை லாயத்திலிருந்து வெளியே எடுப்பதற்கு முன்பே போய் நில்லுங்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில், சவாரி முடித்து உடல் சூடேறியிருந்த குதிரை ஒன்றை மணல் திடலில் மட்டும் ஓடவிட்டுப் பார்த்து, குறையில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பத்தாம் நாள் அது சிமெண்ட் முற்றத்தில் நொண்டியது. வாங்கிய குடும்பத்தின் முகம் இன்றும் என் நினைவில் இருக்கிறது. அதனால் கெட்டியான தரையில், கயிற்றைத் தளரவிட்டு, நேராகவும் பின்பு இடமும் வலமும் வட்டமாகவும் துள்ளோட்டத்தில் ஓட்டச் சொல்லுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், நல்ல கால் தரையில் படும்போது தலை தாழும்; வலிக்கும் கால் படும்போது தலை மேலெழும். குளம்பு குதிகாலாலோ தட்டையாகவோ பதியாமல் முன்நுனியால் முதலில் பதிந்தால், குதிகாலில் வலி இருக்கிறதா என்று ஐயப்பட வேண்டும்.

கேள்வி: வெள்ளைக் குளம்பு வலுவற்றது என்று ஒருவர் சொல்ல, நான்கு கால்களும் முகமும் வெளுத்த பஞ்சகல்யாணி ராசியானது என்று இன்னொருவர் சொல்கிறார். எதை நம்புவது?
— வாசகி, ஈரோடு

பதில்: குளம்பின் உறுதியை நிறம் தீர்மானிப்பதில்லை. ஒரே குதிரையின் வெள்ளைக் குளம்பையும் கறுப்புக் குளம்பையும் அருகருகே வைத்து ஆணித் துளைகளைப் பாருங்கள். சுவர் உதிர்ந்து சிதைந்திருப்பதுதான் வலுவின்மை, அது எந்த நிறத்திலும் வரும். வெள்ளைக் குளம்பில் ஒரு நன்மையும் உண்டு: அடிபட்டுக் கசிந்த இரத்தத்தின் சிவப்புத் திட்டு அதில் எளிதில் தெரியும்.

கேள்வி: வலி மருந்து கொடுத்து நொண்டலை மறைத்து விற்பதாகக் கேள்விப்படுகிறேன். எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடுமா?
— வாசகர், ஓசூர்

பதில்: தெரியாது. ஃபீனைல்பூட்டசோன் போன்ற மருந்தின் பயன் ஒரு நாளைக்கு மேலும் நீடிக்கும். பரிசோதனை நாளிலேயே உங்கள் மருத்துவர் இரத்தம் எடுத்துப் பாதுகாத்துவைக்கட்டும்; பிறகு ஐயம் எழுந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இதற்கு விற்பவர் மறுத்தால் நான் அந்த இடத்திலிருந்தே திரும்பிவிடுவேன். நரம்பை அறுத்து வலியைப் போக்கிய குதிரைகளும் உண்டு; குதிகாலின் பின்புறத் தோலைப் பேனா முனையால் மெல்ல அழுத்தும்போது குதிரை சற்றும் உணராவிட்டால், கணுமூட்டுக்குக் கீழே பின்புறம் தழும்பு இருக்கிறதா என்று தேட வேண்டும்.

எக்ஸ்ரே வேறு காரணத்துக்காக அவசியம். குளம்புக்குள் இருக்கும் குளம்பெலும்பு தன் நிலையிலிருந்து சுழன்றிருக்கிறதா, நாவிகுலர் எலும்பில் மாற்றம் உண்டா, குளம்பெலும்புக்கும் தரைக்கும் நடுவே உள்ளங்கால் எவ்வளவு தடிப்பு என்பவற்றை அது காட்டும். தடிப்பு 15 மில்லிமீட்டர் இருந்தால் நிம்மதி. 10-க்கும் குறைவென்றால் கல்தரையில் அந்தக் குதிரை துன்பப்படும். தசைநாண் காயம் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால், படம் நன்றாக இருந்தாலும் நடைச் சோதனையை விட்டுவிடக் கூடாது. முன்னங்கால் லாடங்களைக் கழற்றிய பின்னரே படம் எடுக்க வேண்டியிருப்பதால், மருத்துவர் வரும் நேரத்துக்கே லாடக்காரரையும் அழைத்துவையுங்கள். கழற்றிய பழைய லாடத்தின் எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.