பிள்ளைகளின் குணத்துக்கு அம்மாவா பொறுப்பு?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. பாம்பன் பக்கம் தனியாக இருக்கிறார். கடலுக்குப் போய்வந்த அப்பா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. அம்மா தீவுப் பக்கம் போய்க் கடல்பாசி எடுத்துத்தான் எங்கள் மூவரையும் ஆளாக்கினார். இப்போது முழங்கால் மடங்கவில்லை, கண்ணும் மங்கிவிட்டது. விதவை உதவித்தொகை 1,200 ரூபாய் வருகிறது. அண்ணன் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். ஒருமுறை இலங்கையில் பிடிபட்டுத் திரும்பியதிலிருந்து கடனும் குடியுமாக இருக்கிறார். மூன்று வருடங்களுக்கு முன் வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டார். அம்மாவுக்குச் சோறு போடுவதில்லை. தம்பி இராமநாதபுரத்தில் கடை வைத்திருக்கிறான், போனை எடுப்பதில்லை. நான் தங்கச்சிமடத்தில் மாமியார் வீட்டிலிருந்து முடிந்தபோதெல்லாம் சோறு கொண்டுபோகிறேன். "தாயைப் போல பிள்ளை" என்று அம்மாவின் காதுபடவே ஊரில் பேசுகிறார்கள். அம்மாவும் "என் வளர்ப்புச் சரியில்லை" என்று அழுகிறார். இது பிறவிக் குணமா, வளர்ப்பா? யார் பொறுப்பு?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தங்கச்சிமடம்)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அம்மாவின் அழுகைதான் என்னை அதிகம் வருத்தியது. அதனால் முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். மனுக் கொடுப்பது, சட்டம் எல்லாம் பிறகு.

பிறவியா வளர்ப்பா என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்தும் வாதத்தைப் பிரபலமாக்கியவர், 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேயர். அவர் பிறவியின் பக்கம் நின்றார். யார் பிள்ளை பெறத் தகுந்தவர், யார் தகாதவர் என்று மனிதர்களைத் தரம் பிரிக்கும் கொடிய கொள்கை அங்கிருந்துதான் பிறந்தது. இரட்டையர்களைப் பற்றி ஐம்பது ஆண்டுகளாக உலகெங்கும் நடந்த ஆய்வுகளை 2015-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாடுகளில் சராசரியாக 49 சதவீதம் மரபணு வழி வருவது என்று கணக்கு வந்தது. இது பெருங்கூட்டத்துக்குப் போட்ட சராசரி. இதைக் கொண்டு உங்கள் அண்ணனின் குணத்தில் பாதி ரத்தத்தில் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. மீதிப் பாதியும் அம்மாவின் கைவேலை அல்ல. ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவர்களையே சேர்க்கை, தொழில், கடன், பட்ட அடி எல்லாம் வெவ்வேறு திசைக்கு இழுத்துப் போகின்றன.

அதே வீட்டில் அதே கஞ்சியைக் குடித்து வளர்ந்த நீங்கள்தானே இன்று சோற்றுப் பாத்திரத்தோடு பஸ் ஏறுகிறீர்கள்? தாயைப் போல பிள்ளை என்கிறவர்கள் உங்களை ஏன் பிள்ளைக் கணக்கில் சேர்ப்பதில்லை? மகன்கள் தவறினால் தாயின் வளர்ப்பு, மகள் பார்த்துக்கொண்டால் அது அவள் கடமை! இந்தக் கணக்கை எழுதியவர்கள் பெண்களின் உழைப்பை ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

பாசி எடுக்கும் பெண்களின் வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து இடுப்புப் பையில் போட வேண்டும். பறித்ததைக் கரையில் காயவைத்து வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டும். அப்பா கடலில், அம்மாவும் கடலில். பிள்ளைகள் மூவரும் பகலெல்லாம் எங்கே இருந்தீர்கள்? பக்கத்து வீட்டுத் திண்ணையில், வலை பின்னுகிற இடத்தில், பள்ளிக்கூடத்தில். உங்கள் அண்ணன் பேசக் கற்றதும் குடிக்கக் கற்றதும் ஊருக்குள்ளேதான். அப்படியிருக்க, வளர்ப்பில் வந்த குறையை மட்டும் தூக்கி ஒரு பெண்ணின் தலையில் வைப்பது பெரிய அநியாயம். இதை அம்மாவிடம் என் பெயரைச் சொல்லியே வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் அண்ணனைப் பற்றியும் ஒன்று. நடுக்கடலில் பிடிபட்டு அயல்நாட்டில் அடைபட்டுக் கிடந்து, கடனோடு கரை திரும்பியவர் உடைந்துபோவது புரிகிறது. பிள்ளைப் பருவத்தோடு வளர்ப்பு முடிந்துவிடுவதில்லை; நாற்பது வயதிலும் வாழ்க்கை ஒருவரைப் புதிதாக வார்க்கிறது. குடியை நிறுத்த அரசு மருத்துவமனையில் சிகிச்சை கேட்கலாம். ஆனால் வீட்டை எழுதி வாங்கும்போது இருந்த நினைவு சோறு போடும்போது இல்லை என்பதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. தம்பிக்கோ இந்தச் சாக்கும் கிடையாது.

இனி ஊரின் பொறுப்பு. கடற்கரையில் மீனைப் பங்கு பிரிக்கும்போது கூலியாட்களின் பங்கோடு படகுக்கும் வலைக்கும் தனிப் பங்கு எடுப்பார்கள். வலை உழைத்துத் தேய்கிறது, அதற்குப் பங்கு வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. உழைத்துத் தேய்ந்த மனித உடலுக்கு மட்டும் ஏன் பங்கு இல்லை? உங்கள் அம்மா பறித்த பாசியில் வியாபாரி பிழைத்தார், ஆலை பிழைத்தது. முதுமையில் உதவி கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 41-ஆவது பிரிவும் அரசுக்குச் சொல்கிறது. அம்மாவுக்குப் பட்டிருக்கும் கடனுக்கு 1,200 ரூபாய் மிகச் சிறிய தவணை. ஊர்க் கமிட்டியில் தயங்காமல் பேசுங்கள். பணம் கேட்க வேண்டாம். நீங்கள் வர முடியாத நாளில் ஒருவேளைச் சோறு, கண் ஆபரேஷனுக்கு அரசு மருத்துவமனைக்குத் துணைக்கு ஒரு ஆள் என்று குறிப்பாகக் கேளுங்கள். கூடப் பாசி எடுத்த பெண்களிடம் முதலில் கேளுங்கள். அவர்கள் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

பேச்சில் தீராவிட்டால் சட்டம் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அம்மா மனுக் கொடுக்கலாம். உங்களுக்கு அது இராமநாதபுரம் கோட்டாட்சியர் அலுவலகம். வக்கீல் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவிட முடியும். நோட்டீஸ் போன நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும், மிஞ்சினால் இன்னும் 30 நாட்கள். 'மகனை ஜெயிலுக்கு அனுப்பவா?' என்று அம்மா பயப்படுவார். ஜீவனாம்சம் கேட்கும் இந்த மனு போலீஸ் கேஸ் அல்ல; சமரசம் பேசிப் பார்க்கவும் அதில் இடம் உண்டு. கைவிட்டவருக்கு மூன்று மாதம் வரை சிறை என்ற பிரிவும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதை இப்போது தொட வேண்டாம்.

வீட்டுப் பத்திரத்தின் நகலை எடுத்து வாசியுங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதியிருந்து, மகன் அதை மீறியிருந்தால், 23-ஆவது பிரிவின்படி அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். வழி தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழையுங்கள்.

கசப்பாக இருந்தாலும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சட்டத்தில் 'பிள்ளைகள்' என்றால் மகளும் சேர்த்திதான். நீங்கள் ஏற்கெனவே சுமக்கிறீர்கள். அதை ஒளித்துச் செய்கிற காரியமாக வைத்திருக்காமல் கணவரிடமும் மாமியாரிடமும் வெளிப்படையாகப் பேசி, வாரத்தில் எந்தெந்த நாள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அண்ணனும் வீட்டில் இருப்பார். அதற்குள் தம்பியை நேரில் கடைக்கே போய்ப் பார்த்து, மூவரும் அம்மாவின் முன்னால் உட்கார நாள் குறியுங்கள். அன்றைக்கு அண்ணன் குடிக்காமல் வர வேண்டும் என்று அண்ணியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மனுவை எழுதி, அம்மாவின் ஆதார் நகலோடு கையில் வைத்துக்கொண்டே பேசப் போங்கள்.