ரெட்டினாஸ்கோப்பி முதல் வெள்ளெழுத்து வரை: கொழிஞ்சாம்பாறையிலிருந்து சில பதில்கள்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் கண் பரிசோதகராக வேலை பார்க்கிறேன். ஆப்டோமெட்ரி தேர்வுக்குப் படிக்கும் நம் எல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளில், மதிப்பெண் அதிகம் போகிற இடங்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.

அக்கா, ரெட்டினாஸ்கோப்பியில் வெளிச்சம் எப்போது கூடவே வரும், எப்போது எதிரே ஓடும் என்பது தேர்வில் மாறிப் போகிறது. 1.50 ஏன் கழிக்கிறோம்? (வேலந்தாவளம், மூன்றாம் ஆண்டு மாணவி)

ரெட்டினாஸ்கோப்பி என்பது கண்ணுக்குள் விளக்கொளியை அசைத்து, கண்மணியில் திரும்பித் தெரியும் வெளிச்சம் நகர்வதைப் பார்த்துக் கண்ணாடி பவரை அளப்பது. மனப்பாடம் செய்வதால்தான் மாறுகிறது. ஒரு கோடு போடுங்கள். இடது ஓரத்தில் நோயாளியின் கண், 67 சென்டிமீட்டரில் நீங்கள். அந்தக் கண்ணின் தூரப்புள்ளி (ஓய்வாக இருக்கும் கண் குவிந்திருக்கும் இடம்) உங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்தால் வெளிச்சம் எதிரே ஓடும். உங்களைத் தாண்டி இருந்தாலோ, தூரப்பார்வைக் கண்ணில் போல அந்தக் கண்ணுக்கே பின்னால் இருந்தாலோ கூடவே வரும். சரியாக உங்கள் மேல் விழுந்தால் அசைவே தெரியாது.

லென்ஸ் வைத்து அந்தப் புள்ளியை நீங்கள் நிற்கும் இடத்துக்குத்தான் கொண்டு வந்தீர்கள். அதை முடிவிலிக்கு அனுப்ப வேண்டாமா? அதற்குத்தான் 1.50 கழிப்பது: பவரின் அலகான டயாப்டர், 1ஐ மீட்டர் தூரத்தால் வகுத்து வருவது; 67 சென்டிமீட்டருக்கு அது 1.50. +3.00இல் அசைவு நின்றால் விடை +1.50. லென்ஸே வைக்காமல் நின்றுவிட்டால்? பூஜ்ஜியம் என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். விடை −1.50.

அப்படி +3.00இல் நின்ற ஒன்பது வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். +1.00 வைத்தபோது வெளிச்சம் மங்கலாக, மெதுவாகக் கூடவே நகர்ந்தது. +2.50இல் அகலமாகி வேகம் பிடித்தது. +3.00 வைத்ததும் கண்மணி முழுக்கச் செம்மஞ்சளாய் நிறைந்தது. அந்த நேரம் பார்த்து அவன் என் விளக்கைப் பார்த்தான். உடனே வெளிச்சம் எதிரே ஓடியது, ஏனென்றால் கண் கிட்டத்துக்குக் குவிந்துவிட்டது. செய்முறைத் தேர்வில் 'தூரத்துச் சார்ட்டையே பாருங்கள்' என்று நோயாளியிடம் சொல்ல மறக்கவே கூடாது.

கண்ணாடி பவரைக் கான்டாக்ட் லென்ஸுக்கு மாற்றும் சூத்திரத்தில் கூட்டலா கழித்தலா என்று குழம்புகிறேன். (வாளையார்)

சூத்திரத்தை விடுங்கள் தம்பி. −10.00 லென்ஸின் குவியத் தூரம் 100 மில்லிமீட்டர். லென்ஸ் கண்ணுக்கு 12 மில்லிமீட்டர் முன்னால் இருக்கிறது. அப்படியானால் தூரப்புள்ளி கண்ணிலிருந்து 112 மில்லிமீட்டர். 1000ஐ 112ஆல் வகுத்தால் 8.93, அதாவது −8.93. +10.00 என்றால் குவியம் லென்ஸுக்குப் பின்னால், எனவே கண்ணிலிருந்து 88 மில்லிமீட்டர். விடை +11.36.

பிட்யூட்டரி கட்டியில் இரண்டு கண்ணிலும் வெளிப்புறப் பார்வை ஏன் போகிறது? (மீனாட்சிபுரம்)

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே, பார்வை நரம்புகள் சந்திக்கும் இடத்தில் மூக்குப் பக்க விழித்திரையின் இழைகள் மட்டும் குறுக்கே கடக்கின்றன. அவை பார்ப்பது பொட்டுப் பக்கத்தை, அதாவது வெளிப்புறத்தை. கட்டி கீழிருந்து அழுத்துவதால் பெரும்பாலும் மேல் பகுதி முதலில் மங்கும்.

அம்மாவுக்கு 44 வயது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இதையே கணக்காகக் கேட்டால் எப்படி எழுதுவது? (கோவிந்தாபுரம்)

வெள்ளெழுத்து. மலையாளத்திலும் இதே சொல்தான் என்பதால் நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வயதாக ஆக விழிலென்ஸ் இறுகி, குவியும் திறன் குறைகிறது. குறைந்தபட்சத் திறனுக்கு ஹாஃப்ஸ்டெட்டர் வாய்ப்பாடு: 15இலிருந்து வயதின் கால் பங்கைக் கழியுங்கள். 44க்கு 11 போக மீதி 4.00. அதில் பாதியைத்தான் சிரமமில்லாமல் நெடுநேரம் பயன்படுத்தலாம் என்று கொண்டால் 2.00. 40 சென்டிமீட்டரில் படிக்க 2.50 வேண்டும். குறைகிற 0.50தான் கூடுதல் பவர்.

இந்த லீவில் அம்மாவிடமே அளந்து பாருங்கள். தூரக் கண்ணாடி இருந்தால் அதைப் போட்டுவிட்டு, செய்தித்தாளை மெல்லக் கண்ணருகே கொண்டு வரச் சொல்லுங்கள். எழுத்து கலங்கத் தொடங்கி, தெளியாமலே நிற்கும் இடத்தில் ஸ்கேல் வையுங்கள். 25 சென்டிமீட்டர் வந்தால் திறன் 4.00.